லாஸ்ட் நேம் கேட்கும் கட்டம்

1

1993-இல் அமெரிக்காவின் ‘நியூயார்க்கர்’ பத்திரிகையில் பீட்டர் ஸ்டெய்னர் என்பவர் ஒரு கேலிச்சித்திரம் வரைந்தார். கம்ப்யூட்டருக்கு முன்னால் நாற்காலியில் ஒரு நாய். தரையில் இன்னொரு நாய். இணையத்தில் நம்மை நாய் என்று எவரும் கண்டுபிடிக்க முடியாது என்று மேலே இருக்கிற நாய் கீழே இருக்கிற நாயிடம் சொல்லும். இணையம் பற்றி எழுதுகிற மேலைநாட்டு அறிஞர்களும், அவர்களிடம் கடன் வாங்கி எழுதுகிற நம்மூர் அறிஞர்களும் முப்பது வருடமாக இந்தப் படத்தைக் காட்டித்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள். உடம்பு இல்லாத இடம், நிறம் இல்லாத இடம், பெயரைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு நுழையலாம் என்றெல்லாம் இணையம் கொண்டாடப்பட்டது.

ஆடுமாடும் நாயும் வாய் வைத்த குளத்தில் நாம் மட்டும் கை வைக்கக்கூடாது என்றிருந்த நாடு இது. 1927-இல் மகத் குளத்துத் தண்ணீரை ஒரு கை அள்ளிக் குடிப்பதற்கே அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களைத் திரட்ட வேண்டியிருந்தது. இங்கே இணையத்தில் எவனும் நாயைத் தேடுவதில்லை. பறையனா, பள்ளனா, சக்கிலியனா என்றுதான் தேடுகிறான். உடம்பு தெரியாத இடத்தில் தேடுவதற்கு அவனுக்குக் கிடைக்கும் முதல் தடயம் பெயர்.

ஆகவே பெயரைப் பற்றி மட்டும் இங்கே பேசுகிறேன். இணையத்தில் பெயரைக் கேட்கிறவர் யார், சொல்ல வேண்டியவர் யார், சொல்லாமலே இருந்துவிடும் வசதி யாருக்குக் கிடைத்திருக்கிறது என்பதே என் கேள்வி.

2

பெயர் நமக்கு லேசில் கிடைத்ததில்லை. பிராமணனுக்கு மங்கலம் தொனிக்கும் பெயர், சத்திரியனுக்கு வலிமை, வைசியனுக்குச் செல்வம், சூத்திரனுக்கு இழிவு தொனிக்கும் பெயர் என்று மனுஸ்மிருதி இரண்டாம் அத்தியாயம் பிரித்துக் கொடுக்கிறது. சூத்திரனுக்கும் வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்கு அந்தப் பட்டியலில் இழிவான பெயர்கூட இல்லை.

எங்க தாத்தாவுக்கு வைத்த பேர் பொன்னுசாமி. ஊர்த்தெருவில் அவர் ‘பொன்னன்’. ‘சாமி’யைச் சேர்த்துக் கூப்பிட்டால் அவர்கள் வாயால் நம்மைச் சாமி என்று சொன்னதாகிவிடும் அல்லவா, அதனால் வெட்டிவிட்டார்கள். பத்து வயசுப் பையன்கூட ‘டேய் பொன்னா’ என்பான். எங்கப்பாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது வாத்தியார் தகப்பன் பேர் கேட்டுவிட்டு, ஊரில் கூப்பிடுகிற மாதிரியே ‘பொன்னன்’ என்று எழுதிக்கொண்டார். பாட்டி சொல்லும்: “பேருல பாதியத் தெருவுல புடுங்கிக்கினாங்க. மீதியத்தான் பள்ளிக்கூடத்துல எழுதிக்கினாங்க.”

நம் முன்னோர் இதைச் சும்மா ஏற்றுக்கொள்ளவில்லை. 1893-இல் இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ என்ற பெயரிலேயே பத்திரிகை தொடங்கினார். நம்மேல் வசையாக எறியப்பட்ட சொல்லை எடுத்துப் பத்திரிகையின் நெற்றியில் ஒட்டினார். அயோத்திதாசர் வேறு பாதையில் போனார். அந்தச் சொல் நம் பெயரே அல்ல, பகைவர்கள் இட்டது, நாம் பூர்வ பௌத்தர், சாதிபேதமற்ற திராவிடர் என்று மறுத்தார். 1907-இல் அவர் தொடங்கிய பத்திரிகைக்கு ‘ஒரு பைசாத் தமிழன்’ என்று பெயர். காத்தவராயன் என்ற தம் பெயரை விட்டுத் தம் ஆசிரியரின் பெயரை ஏற்று அயோத்திதாசர் ஆனவர் அவர். பெயரைச் சொல்லி நிமிர்வது ஒரு வழி, திணிக்கப்பட்ட பெயரை மறுத்து நிமிர்வது இன்னொரு வழி. இவர்களில் யார் சரி என்று நம் மேடைகளில் இன்றும் சண்டை நடக்கிறது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சொல்வதும் மறுப்பதும் அன்றைக்கு அவர்கள் தாங்களே எடுத்த முடிவுகள். பத்திரிகை அவர்களுடையதாக இருந்தது.

பிறகு 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதில்லை என்று தீர்மானித்தது. மற்ற மாநிலத்தில் சர்மா, ரெட்டி, நாயர், யாதவ் என்று எழுதுகிறபோது தமிழ்நாட்டில் தலைப்பெழுத்தோடு நிறுத்திக்கொள்கிறோம். இது பெரிய காரியம், மறுக்கவில்லை. ஆனால் பெயரின் வாலை வெட்டியவர்கள் ஊரின் வாலை வெட்டவில்லை. ஊர் வேறு, சேரி வேறு என்பது அப்படியே இருந்தது. பெயரில் சாதி தெரியாமல் போனதால், சாதியைக் கண்டுபிடிக்க ஊரையும் தெருவையும் கேட்கிற பழக்கம் நம்மவர்களுக்குக் கைவந்த கலையாயிற்று.

3

இந்த நிலைமையில்தான் முகநூல் வந்தது. 2006-இல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்ட அந்தக் கடையின் வாசலில் இரண்டு கட்டங்கள் இருந்தன. ஒன்று ஃபர்ஸ்ட் நேம், இன்னொன்று லாஸ்ட் நேம்.

தமிழனுக்கு லாஸ்ட் நேம் கிடையாது. தலைப்பெழுத்து உண்டு, அதுவும் முன்னால் வரும். இந்தக் கட்டம் வெள்ளைக்காரன் குடும்பப் பெயருக்காகச் செய்தது. ஆனால் காலியாக விட்டால் உள்ளே விடமாட்டான். பெரும்பாலானவர்கள் அப்பா பேரைப் போட்டார்கள். சிலர் ஊர்ப்பேரைப் போட்டார்கள். இன்னும் சிலர், பள்ளிச் சான்றிதழிலோ ரேஷன் கார்டிலோ இல்லாத, தங்கள் தாத்தா காலத்திலேயே விட்டுப்போன சாதிப் பட்டத்தைத் தூசு தட்டி எடுத்துப் போட்டார்கள். தொண்ணூறு வருடத்துக்கு முன்னால் ஒரு மாநாட்டில் வெட்டிய வால் ஒரு காலிக் கட்டத்தில் திரும்ப முளைத்தது. வெறும் கட்டம் சாதியை உண்டாக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். கேட்டால் சொல்லக் காத்திருந்தவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். கட்டம் கேட்டது.

அந்தக் கட்டத்துக்குப் பின்னால் ஒரு சட்டமும் இருந்தது: உண்மைப் பெயர்தான் போட வேண்டும். சந்தேகம் வந்தால் அடையாள அட்டை காட்ட வேண்டும். 2014, 2015-இல் அமெரிக்கப் பூர்வகுடி மக்கள் சிலரின் பெயர்கள் பொய்ப்பெயர் என்று முடக்கப்பட்டன. வெள்ளைக்காரன் காதுக்குப் பெயராகக் கேட்காத பெயர் அவனுக்குப் பொய்ப்பெயர். அதே 2015-இல் கேரளத்தில் ஒரு பெண் எழுதிய கருத்துகள் பிடிக்காத கும்பல், அவர் பெயர் போலி என்று கூட்டமாகப் புகார் அனுப்பியது. கணக்கு முடங்கியது. அடையாள அட்டை காட்டித் திரும்ப வாங்கியபோது, அவர் வேண்டாம் என்று விட்டிருந்த சாதிப் பெயரையும் சேர்த்தே முகநூல் ஊருக்குக் காட்டியது. சாதியைத் துறந்தவருக்கு ஒரு கம்பெனி சாதியைத் திருப்பிக் கொடுத்திருக்கிறது, உண்மை என்ற பெயரில். எதிர்ப்பு வலுத்த பிறகு 2015 டிசம்பரில் புகார் விதிகளைக் கொஞ்சம் தளர்த்தினார்கள். விதி இருக்கிறது.

கல்யாண இணையதளங்களில் இந்த நாசூக்குக்கூடக் கிடையாது. அங்கே சாதி ஒரு கட்டாயக் கேள்வி மாதிரியே உட்கார்ந்திருக்கிறது. சுட்டினால் பட்டியல் விழும், அதற்குள் உட்பிரிவு விழும். ஒரே நிறுவனம் சாதிக்கொரு தளமாக நூற்றுக்கணக்கில் நடத்துகிறது. செய்தித்தாள் வரி விளம்பரத்தில் ‘சாதி தடையில்லை, எஸ்.சி., எஸ்.டி. தவிர’ என்று வெட்கமில்லாமல் அச்சடித்தவர்கள், இங்கே அதை எழுத வேண்டிய அவசியமே இல்லை. சல்லடையில் நாம் தானாகவே விழுந்துவிடுவோம். நம்மை யார் விலக்கினார் என்பதற்கு ஒரு துண்டுக் காகிதம்கூடச் சாட்சியாக இருக்காது.

4

எம்.ஏ. படித்து முடித்த புதிதில் இலக்கிய நண்பர்கள் கூடுகிற ஒரு முகநூல் குழுவில் சங்க இலக்கியம் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன். என் பெயர் நல்ல தமிழ்ப் பெயர். அதைப் பார்த்து யாராலும் எதுவும் கண்டுபிடிக்க முடியாது. புறநானூற்றில் வருகிற துடியன், பாணன், பறையன் பற்றி எழுதிய அன்றைக்கு இன்பாக்ஸில் ஒரு பேராசிரியர் வந்தார். “நல்லா எழுதறீங்கம்மா. சொந்த ஊர் எது?” விழுப்புரம் பக்கம் என்றேன். “விழுப்புரத்துல எங்க?” கிராமத்தின் பேரைச் சொன்னேன். “அட, அங்க நமக்கு வேண்டியவங்க இருக்காங்க. நீங்க எந்தத் தெரு?” காலனி என்றேன். அதற்கப்புறம் பதில் இல்லை. என் எழுத்துக்குத் தினமும் போட்டுக்கொண்டிருந்த லைக்கும் நின்றது. உடம்பு இல்லாத இடம் என்று யாரோ சொன்னார்களே, மூன்றே கேள்வியில் என் உடம்பைக் காலனியில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்.

எங்கள் காலனிப் பையன் ஒருவன் சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். ஒருமுறை அவனிடம் நான் போட்ட பதிவைப் பார்த்தாயா என்றேன். “எந்த ஐடியில அக்கா? ரெண்டு ஐடி வெச்சிருக்கேன். ஒண்ணு கம்பெனிக்கு, ஒண்ணு காலனிக்கு” என்றான். கம்பெனி ஐடியில் அவன் மலைமேல் நிற்கிறான், பிரியாணி சாப்பிடுகிறான். காலனி ஐடியில் நீலத்துண்டு, ஏப்ரல் 14, அண்ணலின் படம். ஒருவனுக்கு இரண்டு அடையாளம் இருப்பது நேர்மைக் குறைவு என்று ஜுக்கர்பெர்க் கருதினார் என்பது டேவிட் கிர்க்பாட்ரிக் 2010-இல் எழுதிய முகநூல் வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. அவருக்கென்ன. ஒரு பேரை எல்லா இடத்திலும் சொல்லியும் வாடகைக்கு வீடு கிடைக்கிறவன் பேசுகிற நேர்மை அது. காலனி ஐடியை மேனேஜர் பார்த்துவிட்டால் என்ன ஆகும் என்று எங்கள் பையனுக்குத் தெரியும். அவனைக் கோழை என்று மேடையில் பேசுகிற நம் தோழர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்: அவன் ஒளிந்துகொள்ளவில்லை, வயிற்றைக் காப்பாற்றிக்கொள்கிறான்.

அன்றாட வாழ்க்கையில் இன்று முகநூலைவிட வாட்ஸப்தான் பெரிது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு காலனிப் பிள்ளைகள் கையிலும் இணையம் வந்தது. எங்கள் கிராமத்தில் ஏரி மதகு திறப்பு, கோயில் திருவிழா, கரண்ட் நிறுத்தம் எல்லாவற்றுக்கும் ஒரு குரூப் உண்டு. பேர் கிராமத்தின் பேர்தான். அதில் காலனி நம்பர் ஒன்றுகூட இல்லை. காலனிக்குத் தனி குரூப். பஞ்சாயத்து ரிசர்வ் தொகுதி ஆனபோது எங்கள் தெருப் பெண் ஒருவர் தலைவரானார். தலைவரையும் அந்த குரூப்பில் சேர்க்கவில்லை. மதகு திறந்த செய்தி தலைவருக்கே மறுநாள்தான் தெரியும். டீக்கடையில் இரட்டைக் குவளை என்றால் போட்டோ எடுக்கலாம், வழக்குப் போடலாம். இரட்டை குரூப்பை என்ன செய்வது?

5

நாம் இப்படிப் பேரை மறைத்துக்கொண்டும் பிரித்துக்கொண்டும் இருக்கிறபோது எதிர்த்தரப்பு என்ன செய்கிறது?

2015 ஜூனில் கோகுல்ராஜ் கொல்லப்பட்டு ரயில் தண்டவாளத்தில் போடப்பட்டார். முதன்மைக் குற்றவாளியைப் போலீஸ் மாதக்கணக்கில் தேடிக்கொண்டிருந்தபோது, அவர் குரல் வாட்ஸப்பில் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தது. தலைமறைவாக இருந்தவர் உடம்புதான், பெயரும் குரலும் பகிரங்கமாகத் திரிந்தன. கேட்டவர்கள் பலர் அவரை வீரனாக்கினார்கள். 2022 மார்ச்சில் மதுரைத் தனி நீதிமன்றம் அவருக்கும் மற்ற ஒன்பது பேருக்கும் ஆயுள் தண்டனை விதித்தது. அந்த ஏழு வருடத்தில் அந்தக் குரலைக் கேட்டு வளர்ந்த பையன்களுக்கு எந்த நீதிமன்றமும் தீர்ப்புச் சொல்லவில்லை.

சாதிப் பெருமை பேசும்போது பட்டத்தோடு வருகிறார்கள். நம்மைத் திட்ட வரும்போது மட்டும் ஃபேக் ஐடி. சிங்கம் படம், சினிமா நடிகர் படம், பூப்படம். நான் ஒரு ஆணவக்கொலை பற்றி எழுதியபோது அப்படி ஒரு பூப்படம் என் சாதியையும் என் அம்மாவையும் சேர்த்து எழுதியதை இங்கே அச்சடிக்க முடியாது. காகிதத்தில் எடுத்துக்கொண்டு காவல்நிலையம் போனேன். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதியச் சொன்னேன். அங்கிருந்தவர் பொறுமையாகவே பேசினார். “எதிரி யாருன்னு தெரியணும்மா. அவன் என்ன சாதின்னு தெரியணும். அவனும் உங்க ஆளா இருந்தா இந்த ஆக்ட் வராதே.” பட்டியல் சாதியைச் சேராதவர் செய்தால்தான் அந்தச் சட்டப்படி குற்றம் என்பது உண்மை. நாம் இணையத்தில் பெயரில்லாமல், சாதியில்லாமல் வாழலாம் என்று முப்பது வருடத்துக்கு முன்னால் ஒரு சித்திரம் ஆசை காட்டியது. அந்த வரம் போய்ச் சேர்ந்த இடத்தைப் பாருங்கள். சாதி தெரியாமல் இருக்கும் வசதி, சாதியைச் சொல்லித் திட்டுகிறவனுக்குக் கவசமாகிவிட்டது. புகார் கொடுக்கப் போகிற நான் பெயர், தகப்பன் பெயர், முகவரி, சாதிச் சான்றிதழ் அனைத்தோடும் போய் நிற்க வேண்டும்.

சட்டம் நகராமல் இல்லை. 2022 ஜூலையில் கேரள உயர் நீதிமன்றம், இணையத்தில் ஏற்றப்பட்ட இழிவுப் பேச்சை மக்கள் பார்க்கும் ஒவ்வொரு முறையும் பாதிக்கப்பட்டவர் அந்த இடத்தில் இருப்பதாகவே கொள்ள வேண்டும் என்று சொன்னது. நேரில் திட்டவில்லையே, பொது இடத்தில் திட்டவில்லையே என்று தப்பிக்கும் ஓட்டை அதனால் அடைபட்டது. பூப்படத்துக்குப் பின்னால் இருப்பவன் பேரைக் கம்பெனியிடமிருந்து வாங்கும் வேலை இன்னும் பாக்கி. அந்த வேலையைச் செய்யப் போலீசுக்கு மனம் வேண்டும்.

6

மறைத்தது போதும் என்று பேரைச் சொன்னவர்களும் இந்த இணையத்தில்தான் இருக்கிறார்கள். 2016 ஜனவரி 17-இல் ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் ரோகித் வெமுலா உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் விட்டுச்சென்ற கடிதம் அடுத்தடுத்த நாட்களில் நாடு முழுக்கக் கைபேசிகளில் போயிற்று. பெரிய பத்திரிகைகள் ஒரு ஓரத்தில் போட்டு முடித்திருக்கக்கூடிய செய்தியை, முடிக்கவிடாமல் செய்தவர்கள் விடுதி அறைகளில் கைபேசியோடு இருந்த நம் பிள்ளைகள். அந்த ஜனவரியில்தான் ராஜஸ்தானில் பிறந்து நியூயார்க்கில் இருந்த யாஷிகா தத் என்ற பத்திரிகையாளர், தாம் இதுவரை மறைத்துவந்த தலித் அடையாளத்தை இணையத்தில் எழுதி அறிவித்தார். சாதி தெரியாமலிருக்கக் குடும்பப் பெயரையே மாற்றிக்கொண்ட வீட்டுப் பெண் அவர். மற்றவர்களும் எழுதும்படி ஒரு பக்கம் திறந்தார். பின்னர் 2019-இல் புத்தகமாகவும் எழுதினார்.

அரசு என்ன செய்தது? ரோகித் உண்மையில் பட்டியல் சாதியா என்று விசாரித்தது. தாய் மாலா சாதி, தகப்பன் பிற்படுத்தப்பட்ட சாதி, வளர்த்தவர் தாய். 2024 மே மாதம்கூட அவர் பட்டியல் சாதி அல்ல என்று சொல்லி வழக்கை முடிக்கத் தெலங்கானா போலீஸ் அறிக்கை கொடுத்தது. எதிர்ப்புக்குப் பிறகு மேலும் விசாரிப்பதாகச் சொன்னார்கள். செத்தவனிடமும் லாஸ்ட் நேம் கேட்கிறார்கள்.

கம்பெனிகளின் கதையும் இதுதான். ட்விட்டரில் ‘இவர் நிஜமான ஆள்’ என்று சான்று தரும் நீலக்குறி நம்மவர்களுக்குக் கிடைப்பதில்லை என்று 2019 நவம்பரில் பெரிய கிளர்ச்சி நடந்தது. திலீப் மண்டல் என்ற பத்திரிகையாளரின் கணக்கு முடக்கப்பட்டதில் தொடங்கியது அது. நாம் நிஜமான ஆள்தான் என்று ஒரு அமெரிக்கக் கம்பெனியிடம் சான்றிதழ் கேட்டு நின்றோம், தாலுகா ஆபீசில் நிற்கிற மாதிரியே. 2023 ஏப்ரலில் அந்தக் குறியைக் காசு கட்டுகிறவர்களுக்கு என்று ஆக்கிவிட்டார்கள். கட்டத்தைச் செய்கிறவர்கள் இருக்கிற இடத்திலும் சாதி உட்கார்ந்திருக்கிறது. 2022 ஏப்ரலில் கூகுளில் தேன்மொழி சௌந்தரராஜன் சாதி பற்றிப் பேசவிருந்த கூட்டம், உள்ளே இருந்த சில ஊழியர்களின் எதிர்ப்பால் ரத்து செய்யப்பட்டது. அந்தக் கூட்டத்தை ஏற்பாடு செய்த தனுஜா குப்தா வேலையை விட்டார்.

7

கடைசியாக நம் வீட்டுக்குள் ஒரு பேச்சு. பெயரைச் சொல்லி நிமிர்வதை நான் வரவேற்கிறேன். ஆனால் சமீபமாக நம் பிள்ளைகளின் பக்கங்களில் வேறொன்று வளர்கிறது. அவர்கள் ‘ஆண்ட பரம்பரை’ என்றால் நாமும் ‘ஆண்ட பரம்பரை’. அவர்கள் அரிவாள் படம் போட்டால் நாமும் அரிவாள். பறையர், பள்ளர், அருந்ததியர் என்று தனித்தனிப் பட்டம், தனித்தனிக் கொடி, ஒருவர் பக்கத்தில் இன்னொருவர் போய்த் திட்டுவது. அதற்கு விழுகிற லைக்கை எண்ணிப் பூரித்துப்போகிறோம். சண்டை பெரிதாக ஆக அதிகம் பேர் பார்க்கிறார்கள், பார்க்கப் பார்க்கக் கம்பெனிக்கு விளம்பரக் காசு. இரட்டைமலையார் ‘பறையன்’ என்று எழுதியது இன்னொரு சாதியை மிதிக்க அல்ல. அந்தச் சொல்லால் மிதிபட்டவர்கள் தலை நிமிர எழுதினார். ஆண்டதால் மதியுங்கள் என்று நாம் பேசத் தொடங்கினால், ஆளாதவனை மிதிக்கலாம் என்று ஒப்புக்கொண்டதாகிறது.

செய்ய வேண்டியவை சில எனக்குத் தோன்றுகின்றன. இணையத்தில் வருகிற ஒவ்வொரு சாதி வசையையும் தேதி, நேரம், படத்தோடு காகிதத்தில் எடுத்து வைக்க வேண்டும். அவன் அழித்துவிட்டுப் போனாலும் நம்மிடம் இருக்கும். புகார் வாங்க மறுத்தால் அதையும் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். கிராமத்துப் பொதுக்காரியத்துக்கான எந்த வாட்ஸப் குரூப்பிலும் காலனி நம்பர்கள் இருந்தாக வேண்டும் என்று கிராமசபையில் தீர்மானம் கொண்டுவர வேண்டும். சிரிப்பார்கள், சிரிக்கட்டும். பொதுக்கிணற்றைக் கேட்டபோதும் சிரித்தவர்கள்தான். நம் சாட்சியங்களைக் கம்பெனியின் சுவரில் மட்டும் எழுதிவிட்டு நிம்மதியாக இருக்கக்கூடாது. கணக்கு முடங்கினால் பத்து வருட எழுத்து ஒரே ராத்திரியில் போய்விடும். இந்த மாதிரிச் சிறுபத்திரிகைகள் அச்சில் இருக்க வேண்டியது அதனால்தான்.

இரண்டு ஐடி வைத்திருக்கிற பிள்ளைகளை, ஒன்றை மூடு என்று நாம் அதட்ட வேண்டாம். எதை எப்போது மூடுவது என்று அவர்களுக்குத் தெரியும். பெயரைச் சொல்வதும் சொல்லாமலிருப்பதும் அவரவர் முடிவு. அதை மேனேஜரோ, பேராசிரியரோ, போலீஸோ, கலிபோர்னியாவில் கட்டம் போடுகிறவனோ முடிவு செய்யக்கூடாது. யாராவது எந்தத் தெரு என்று கேட்டால், முதலில் அவரை அவர் தெருவைச் சொல்லச் சொல்லுங்கள்.